வெளிநாட்டில் ஆங்கிலப் பேப்பரை எடை போடுவது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ வேறொரு நாட்டில் போய் இறங்குகிறீர்கள். அந்த ஊர் மொழி தெரியாது, டிவியில் ஓடுவது புரியாது, விசா விதி மாறியதா வாடகைச் சட்டம் மாறியதா என்று யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அப்போது கைக்குக் கிடைப்பது ஒரு ஆங்கிலப் பேப்பர், அல்லது அதன் இணையதளம். வெளிநாட்டவர்களை நம்பியே நடக்கும் இப்படிப்பட்ட பேப்பர்கள் பல நாடுகளில் உண்டு. துபாயில் கல்ஃப் நியூஸும் கலீஜ் டைம்ஸும், தாய்லாந்தில் பாங்காக் போஸ்ட், டோக்கியோவில் ஜப்பான் டைம்ஸ், கோஸ்டா ரிகாவில் டிக்கோ டைம்ஸ். பக்க வடிவமைப்பு நன்றாக இருக்கும், ஆங்கிலம் சரளமாக இருக்கும், தலையங்கத்தில் உலகத் தலைவர்கள் எல்லோரையும் வெளுத்து வாங்கியிருப்பார்கள். உடனே "தைரியமான பேப்பர்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பேப்பரின் தைரியத்தைத் தூரத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் அதிபரைத் திட்டுவதற்கு எந்த ஆசிரியருக்கும் வியர்க்காது. தன் அலுவலகம் இருக்கும் ஊரின் போலீஸ், தன் முதலாளியோடு விருந்து சாப்பிடும் அமைச்சர், தன் கடைசிப் பக்கத்தில் முழு விளம்பரம் கொடுக்கும் கட்டுமான நிறுவனம், இவர்களைப் பற்றி என்ன எழுதுகிறது என்று பாருங்கள். விமர்சனம் எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் ஆரம்பிக்கிறது என்பதுதான் கேள்வி. கீழே சொல்வதெல்லாம் அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

முதலில் முதலாளி, லைசென்ஸ், அச்சகம்

செய்தியைப் படிப்பதற்கு முன்னால் "எங்களைப் பற்றி" பக்கத்துக்குப் போங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அந்தப் பெயரைத் தனியாகத் தேடிப் பாருங்கள். சில இடங்களில் இது ஒரு நிமிட வேலை. சைனா டெய்லி 1981-இல் தொடங்கியது, கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறைக்குக் கீழே வருகிறது. வியட்நாம் நியூஸ், அந்நாட்டு அரசுச் செய்தி நிறுவனத்தின் பேப்பர். இவற்றில் ஏமாற்று எதுவும் இல்லை, அரசு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள அவைதான் சரியான இடம். சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். அபுதாபியின் தி நேஷனல் 2008-இல் தொடங்கியபோது லண்டனிலிருந்து பெரிய பேப்பர் ஒன்றின் முன்னாள் ஆசிரியரையே அழைத்து வந்து, நல்ல சம்பளத்தில் நல்ல ஆட்களைச் சேர்த்து, பார்ப்பதற்கு லண்டன் பேப்பர் போலவே நடத்தினார்கள். முதலாளியோ அபுதாபி அரசுக்குச் சொந்தமான ஊடக நிறுவனம். பிறகு 2017-இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது, அதன் பின்னாலும் அரச குடும்பத்தவர்தான். வேலைத் தரம் ஒன்று, சுதந்திரம் வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பேப்பர் யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், யார் நிழலில் நடக்கிறது என்றும் பாருங்கள். மியான்மர் டைம்ஸ் 2000-இல் ஒரு ஆஸ்திரேலியரும் ஒரு மியான்மர்க்காரரும் சேர்ந்து ஆரம்பித்தது. மற்ற பேப்பர்களையெல்லாம் வழக்கமான தணிக்கைக் குழு பார்த்துக்கொண்டிருக்க, இதை மட்டும் ராணுவ உளவுத்துறை பார்த்துக்கொண்டது, அதனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. உள்ளூர்ப் பங்குதாரரான சோனி ஸ்வேயின் அப்பா அந்த உளவுத்துறையிலேயே உயர் அதிகாரி. 2004-இல் உளவுத்துறைத் தலைவர் கின் ந்யுன்ட் பதவியிழந்ததும் என்ன ஆனது? சோனி ஸ்வேயைக் கைது செய்தார்கள், 14 வருடத் தண்டனை கிடைத்தது, 2013 வரை உள்ளே இருந்தார். அவர்கள் சொன்ன காரணம், தணிக்கை விதியை மீறியது. ஆக, ஒரு சர்வாதிகார நாட்டில் ஒரு பேப்பருக்கு மட்டும் கூடுதல் சலுகை இருந்தால், அந்தச் சலுகையை யார் கொடுத்தார், அவர் நாளைக்கும் இருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

கைமாறும் நேரத்தை விட்டுவிடாதீர்கள். ப்னாம் பென் போஸ்ட் 1992-இல் தொடங்கி கம்போடியாவில் நல்ல பெயர் எடுத்த பேப்பர். பெரிய வரிபாக்கி நோட்டீஸ் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 2018 மே மாதம் ஒரு மலேசிய முதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. அவர் நடத்திய மக்கள் தொடர்பு நிறுவனம் முன்பு கம்போடிய அரசுக்காக வேலை செய்தது என்பதை அந்தப் பேப்பரின் நிருபர்களே செய்தியாகப் போட்டார்கள். செய்தியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, தலைமை ஆசிரியர் வேலையிழந்தார், பலர் அவர்களாகவே விலகினார்கள். பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. அதனால் நீங்கள் படிக்கும் பேப்பர் கடைசியாக எப்போது கைமாறியது, அந்த வருடத்தில் எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று பாருங்கள். விற்பனைச் செய்தியைவிட ராஜினாமாச் செய்தி அதிகம் சொல்லும்.

அச்சகத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2015 டிசம்பரில் தாய்லாந்தில் இன்டர்நேஷனல் நியூயார்க் டைம்ஸ் வாங்கியவர்கள் முதல் பக்கத்தில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்திலிருந்த கட்டுரையைத் தாய்லாந்து அச்சகம் நீக்கிவிட்டது, இதில் எங்கள் ஆசிரியர் குழுவுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. கட்டுரை தாய்லாந்தின் பொருளாதாரத்தைப் பற்றியது. அதற்குச் சில மாதம் முன்பு, மன்னரைப் பற்றிய ஒரு கட்டுரை இருந்ததால் அன்றைய பதிப்பையே அச்சகம் அடிக்க மறுத்தது. உலகின் பெரிய பேப்பருக்கே இதுதான் கதி என்றால், அதே ஊரில் அச்சடித்து, அதே ஊரில் லைசென்ஸ் வாங்கி, அதே ஊரில் குடும்பத்தோடு வாழ்பவர்கள் எவ்வளவு முன்கூட்டியே யோசித்து எழுதுவார்கள்!

நிருபரின் விசா யார் கையில்?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகைப் பேப்பருக்கே உரிய பலவீனம் இது. வளைகுடாவின் ஆங்கிலப் பேப்பர்களில் எழுதுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள், இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், பிரிட்டன் என்று பல இடத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் குடியிருப்பு அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசா போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், வீடு போகும். இப்படி இருக்கும்போது தணிக்கை அதிகாரி என்று ஒருவர் தேவையே இல்லை. யாரும் போன் செய்து மிரட்ட வேண்டியதில்லை, என்ன எழுதக்கூடாது என்று நிருபருக்கே தெரிந்திருக்கும். அதற்காக அவரைக் கோழை என்று நினைக்க வேண்டாம், அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டு நிருபருக்குப் பெரும்பாலும் வருவது நாடுகடத்தல், உள்ளூர் நிருபருக்கு வருவது ஜெயில். கம்போடியா டெய்லியில் கம்போடியர் ஒருவரும் வெளிநாட்டவர் ஒருவரும் சேர்ந்து எழுதி, இரண்டு பெயரையும் போடுவது வழக்கமாக இருந்தது. 2017-இல் ஒரு கிராமத்தில் தேர்தல் பற்றி மக்களிடம் பேசியதற்காக அப்படிப்பட்ட ஜோடி ஒன்றின் மீதே தூண்டிவிட்டதாக வழக்குப் போட்டார்கள். ஒரு பேப்பரில் உள்ளூர்க்காரரின் பெயர் செய்தியின் மேல் வருகிறதா, அல்லது அவர் தெருத் தெருவாக அலைந்து கொண்டுவந்ததை வெள்ளைக்காரர் ஒருவர் பெயரில் போடுகிறார்களா என்று கவனியுங்கள். அந்தச் செய்தி அறையில் யாருக்கு மதிப்பு என்பது அதில் தெரிந்துவிடும்.

பணம்

விளம்பரம் இல்லாமல் பேப்பர் இல்லை, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளிநாட்டவர் பேப்பருக்கு வாசகர் எண்ணிக்கை சிறியது, விளம்பரம் கொடுப்பவர்கள் அதைவிடச் சிலர்: வீடு விற்கும் நிறுவனங்கள், விமான நிறுவனம், தனியார் மருத்துவமனை, சர்வதேசப் பள்ளிகள், வங்கி. வளைகுடாவில் தேசிய தினம் வந்தால் ஆட்சியாளருக்கு வாழ்த்துச் சொல்லும் முழுப்பக்க விளம்பரங்கள் வரிசையாக வரும். வேறு இடங்களில் தூதரகத்தின் தேசிய தினச் சிறப்பிதழ், அந்த நாட்டு நிறுவனங்களின் வாழ்த்தோடு. இவையெல்லாம் வெளிப்படையானவை, பரவாயில்லை. கவனிக்க வேண்டியது செய்தி மாதிரியே வேஷம் போட்டு வருபவை. "பார்ட்னர் கன்டென்ட்", "ஸ்பான்சர்ட்", "சிறப்பு அறிக்கை" என்று ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதா? அதுகூட இல்லாமல் ஒரு புதிய குடியிருப்புத் திட்டம் செய்திப் பக்கத்தில் வந்து, பக்கத்துப் பக்கத்திலேயே அதே திட்டத்தின் விளம்பரமும் இருந்தால், அந்தப் பேப்பரின் வீட்டுமனைப் பக்கத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இப்போது ஒரு வாரம் படித்துப் பாருங்கள்

இனிதான் முக்கியமான வேலை. ஒரு வாரப் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள், இணையமானால் உள்ளூர்ச் செய்திப் பிரிவை மட்டும். உலகச் செய்தி, விளையாட்டு, சினிமா எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள், அவை செய்தி ஏஜென்சிகளிலிருந்து வருபவை, எல்லாப் பேப்பரிலும் ஒன்றுதான்.

முதல் பார்வை, செய்திக்கு மேல் யார் பெயர் இருக்கிறது என்பதில். எமிரேட்ஸானால் வாம், கத்தாரானால் க்யூஎன்ஏ, சவூதியானால் எஸ்பிஏ, குவைத்தானால் குனா என்று அரசு ஏஜென்சியின் பெயர் போட்டவை எத்தனை, "ஸ்டாஃப் ரிப்போர்ட்டர்" என்று மொட்டையாக வருபவை எத்தனை, மனிதப் பெயர் போட்டவை எத்தனை? மனிதப் பெயர் போட்ட செய்தியிலும் நிருபர் எங்கேயாவது போனாரா, அல்லது பத்திரிகையாளர் சந்திப்பில் கொடுத்த தாளைத் திருப்பி எழுதினாரா என்று பாருங்கள். கண்டுபிடிப்பது சுலபம், மேற்கோள்கள் எல்லாம் ஒரே அதிகாரியுடையதாக, எல்லாமே முழு வாக்கியமாக, யாரும் இருமாமல் தும்மாமல் பேசியதாக இருக்கும்.

அடுத்தது பெயர்கள். ஒரு தீ விபத்து, ஒரு மருத்துவமனைத் தவறு, சம்பளம் கொடுக்காத கம்பெனி. இந்தச் செய்திகளில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, "நகரின் ஒரு பிரபல ஓட்டல்", "ஒரு தனியார் நிறுவனம்" என்றே போகிறதா? வளைகுடாவின் கோர்ட் செய்திகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்து, வயது, நாடு என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதில் ஒரு நியாயமும் உண்டு. அங்கே அவதூறு என்பது கிரிமினல் குற்றம், உண்மையை எழுதினாலும் மாட்டிக்கொள்ளலாம், தீர்ப்புக்கு முன் ஒருவர் பெயரைக் கெடுக்கக்கூடாது என்றும் சொல்லலாம். சரி, ஆனால் அதே பேப்பர் ஏழைத் தொழிலாளியின் நாட்டை மட்டும் தலைப்பிலேயே போட்டு, கம்பெனியின் பெயரைக் கடைசி வரி வரை மறைத்தால் அது சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்ததில்லை.

தாய்லாந்திலும் அவதூறு கிரிமினல் வழக்குதான். புக்கெட் தீவில் இருவர் நடத்திய புக்கெட்வான் என்ற சிறிய ஆங்கிலத் தளம், ரோஹிங்கியா அகதிகள் கடத்தப்படுவது பற்றி ராய்ட்டர்ஸ் எழுதியதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் போட்டது. தாய்லாந்துக் கடற்படை வழக்குப் போட்டது, ராய்ட்டர்ஸ் மீது இல்லை, இந்த இருவர் மீது. 2015 செப்டம்பரில் விடுதலையானார்கள், அதற்கு முன்னால் ஏறக்குறைய இரண்டு வருடம் வழக்கோடு போனது. பெரிய ஏஜென்சி எழுதியதையே எடுத்துப் போடப் பேப்பர்கள் ஏன் தயங்குகின்றன என்று இனிமேல் ஆச்சரியப்பட மாட்டீர்கள். அதே நாட்டில் அரச குடும்பத்தை அவமதிப்பதாக எழுதினால் தண்டனைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 வருடம் வரை சிறை. அதனால் பாங்காக் போஸ்ட் அரண்மனையைத் தொடவில்லை என்பதை வைத்து அதை எடை போடுவது நியாயமில்லை, ராணுவத்தையும் அமைச்சர்களையும் எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். 2018-இல் அதன் ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், அரசு மீதான விமர்சனத்தைக் குறைக்கச் சொன்னதை மறுத்ததே காரணம் என்றார் அவர். ஆசிரியரை நீக்கும் அளவுக்கு ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்பதும் ஒரு தகவல்தானே.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை: மறுப்பு முந்துகிறதா? "வதந்திகளை நம்ப வேண்டாம், அமைச்சகம் விளக்கம்" என்று ஒரு செய்தி வரும். என்ன வதந்தி என்று தேடினால் அந்தப் பேப்பரில் முன்தினம் ஒரு வரி இருக்காது. வெளிநாட்டுப் பேப்பர் ஒன்று பெரிய புலனாய்வுச் செய்தி போட்டிருக்கும், உள்ளூர்ப் பேப்பர் அதைச் சொல்லாமல் அதற்கான பதிலை மட்டும் சொல்லும். மறுப்பைப் படித்துத்தான் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை ஒரு மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்தால், அந்தப் பேப்பரை அரசு கெஜட் மாதிரிப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அப்படிப் படிப்பதிலும் லாபம் உண்டு, அரசுக்கு எது உறுத்துகிறது என்று தெரியும்.

அப்புறம், தொடர்ச்சி. விபத்து நடந்த அன்று எல்லாப் பேப்பரும் எழுதும். மூன்று மாதம் கழித்து விசாரணை என்ன ஆனது என்று யார் எழுதினார்? ஒரு பழைய பெரிய செய்தியைத் தேடிப் பிடித்து, அதன் பிறகு வந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். பழைய சுட்டி வேலை செய்யவில்லை என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள். செய்தி சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தால், என்ன வகைச் செய்திகள் இப்படிக் காணாமல் போகின்றன என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் போட்டு, "முதலில் தவறாக வந்தது" என்று கீழே எழுதும் பேப்பருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல், எவ்வளவு அசட்டுத்தனமான தவறாக இருந்தாலும்.

தூரம் என்று சொன்னேனே, அது காலத்திலும் உண்டு. ஜப்பான் டைம்ஸ் 1897-இல் தொடங்கிய பேப்பர், மரியாதையான பேப்பர். 2017-இல் கைமாறியது. 2018 நவம்பரில் ஒரு ஆசிரியர் குறிப்பு வந்தது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானில் வேலை வாங்கப்பட்ட கொரியர்களை இனி "கட்டாயத் தொழிலாளர்" என்று எழுதாமல் "போர்க்காலத் தொழிலாளர்" என்றே எழுதப் போவதாக. ராணுவத்துக்காகப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைக் குறிக்கும் விளக்கத்தையும் மாற்றினார்கள். அறைக்குள்ளிருந்த நிருபர்களே கொதித்தார்கள். எழுபது வருடத்துக்கு முந்தைய விஷயம்தான், ஆனால் அந்த அரசுக்கு அது இன்றைய விஷயம். ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒரு பழைய புண் இருக்கும், உங்கள் நாட்டு ஆங்கிலப் பேப்பர் அதை எந்தச் சொல்லில் தொடுகிறது என்று பார்க்கலாம்.

ஆங்கிலம் என்பதே ஒரு சலுகை, எல்லையுள்ள சலுகை

பல அரசுகள் ஆங்கிலப் பேப்பரைக் கொஞ்சம் விட்டுப்பிடிக்கும். படிப்பவர்கள் சிலர், அவர்களுக்கு ஓட்டு இல்லை, வெளிநாட்டுத் தூதர்களுக்கு "பாருங்கள், இங்கே சுதந்திரம் இருக்கிறது" என்று காட்டவும் உதவும். இதை யாராவது முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றால் அது அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அய்ரஸ் ஹெரால்ட்தான். 1876-இல் ஆங்கிலேயக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய சின்னப் பேப்பர், கப்பல் வரும் நேரம் போட்டுக்கொண்டிருந்தது. 1976-இல் ராணுவ ஆட்சி வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காணாமலாக்கத் தொடங்கியபோது, பெரிய ஸ்பானியப் பேப்பர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டன. ஹெரால்டின் ஆசிரியர் ராபர்ட் காக்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். காணாமல் போனவரின் குடும்பம் முதலில் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடட்டும், அது பொது ஆவணம் ஆகிவிடும், அதை வைத்துச் செய்தி போடலாம் என்றார். பிள்ளையைத் தேடும் அம்மாக்கள் ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமலேயே அந்த அலுவலகத்தின் படியேறினார்கள். தலையங்கத்தை ஸ்பானிய மொழியிலும் சேர்த்துப் போட்டார்கள். 1977-இல் காக்ஸைப் பிடித்துச் சில நாள் உள்ளே வைத்தார்கள், குடும்பத்துக்கே மிரட்டல் வந்த பிறகு 1979-இன் கடைசியில் நாட்டை விட்டுப் போனார். பேப்பரின் பெரும்பங்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்து நிறுவனம் ஒன்றிடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், முதலாளி வெளியூரில் இருப்பதில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது.

அந்தச் சலுகை எப்போது முடியும் என்பது அரசின் கையில். கம்போடியா டெய்லி 1993-இலிருந்து நடந்தது, ஃபோட்டோகாப்பி போட்ட மாதிரி ஒரு தோற்றம், ஆனால் காடு அழிப்பு, நிலப்பறிப்பு எல்லாம் பெயரோடு எழுதியது. 2017-இல் 63 லட்சம் டாலர் வரி கட்டு, ஒரு மாதத்தில் கட்டு என்று நோட்டீஸ் வந்தது. செப்டம்பர் 4 அன்று கடைசி இதழ், எதிர்க்கட்சித் தலைவர் கைதான செய்தியோடு, நாடு அப்பட்டமான சர்வாதிகாரத்துக்குள் இறங்குவதாக முதல் பக்கத் தலைப்பு. கத்தாரில் தோஹா நியூஸ் தளத்தை 2016-இன் கடைசியில் இரண்டு இணைய நிறுவனங்களும் ஒரே நேரத்தில் முடக்கின, லைசென்ஸ் இல்லை என்பது சொன்ன காரணம். வரி, லைசென்ஸ், கட்டட விதி. தலையங்கத்துக்காக மூடினோம் என்று இப்போதெல்லாம் யார் சொல்கிறார்கள்? அதனால் ஒரு பேப்பர் "நிர்வாகக் காரணங்களால்" சிக்கலில் மாட்டினால், அதற்கு முந்தைய ஆறு மாதம் என்ன எழுதியது என்று போய்ப் படியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அரசை எதிர்க்கிறது என்பதாலேயே ஒரு பேப்பர் சுதந்திரமானது ஆகிவிடாது. துருக்கியில் டுடேஸ் ஸமான், அரசைக் கடுமையாக விமர்சித்த ஆங்கில நாளிதழ். ஆனால் அது ஃபெதுல்லா குலென் என்ற மதகுருவைப் பின்பற்றும் குலென் இயக்கத்தின் பேப்பர், இயக்கமும் அரசும் நட்பாக இருந்த காலத்தில் அதன் குரல் வேறாக இருந்தது. 2016 மார்ச்சில் போலீஸ் உள்ளே புகுந்து, கோர்ட் நியமித்தவர்கள் பொறுப்பேற்றார்கள், அந்தக் குழுமத்தின் துருக்கிய நாளிதழ் ஓரிரு நாளிலேயே அரசுப் புகழ் பாட ஆரம்பித்தது. நடந்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அதற்கு முன்னால் அதைப் படித்தவர், தன் இயக்கத்தைப் பற்றி ஒரு நாளாவது எதிர்மறையாக எழுதியதா என்று கேட்டிருக்க வேண்டும். எந்தப் பேப்பருக்கும் இதே கேள்விதான்.

தரம் வேறு கணக்கு

சுதந்திரமாக இருந்தும் மட்டமான பேப்பர்கள் நிறைய. சுதந்திர நாடுகளில் கடலோரச் சுற்றுலா ஊர்களில் கிடைக்கும் இலவச ஆங்கிலப் பேப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் மிரட்டுவதில்லை, ஆனால் பாதி வீட்டுத் தரகர் விளம்பரம், மீதி உள்ளூர்ப் பேப்பரிலிருந்து அவசரமாக மொழிபெயர்த்தது. உலகமே வெளிநாட்டவரின் உலகம்தான் அதில்: பிரிட்டிஷ்காரர் குளத்தில் விழுந்தார், தூதரகத்தில் தேநீர் விருந்து. அந்த நாட்டின் சொந்த மக்கள் சமையல் பக்கத்திலும் திருவிழாப் படத்திலும் மட்டும் வருவார்கள். இதைக் கண்டுபிடிக்க, ஒரு இதழில் மேற்கோள் காட்டப்பட்டவர்களில் உள்ளூர்ச் சாதாரண மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நிருபர்களுக்கு அந்த மொழி தெரியுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதே செய்தியை உள்ளூர் மொழிப் பேப்பரின் தளத்தில் திறந்து உலாவியின் மொழிபெயர்ப்பில் ஓடவிடுங்கள், மொழிபெயர்ப்பு அரைகுறையாக இருந்தாலும் எது விடுபட்டது, எந்த எண் மாறியது என்பது தெரிந்துவிடும். ஒரே குழுமம் இரண்டு மொழியில் நடத்துகிறது என்றால் இது இன்னும் சுவாரசியம், ஆங்கிலத்தில் மென்மையாக இருப்பது உள்ளூர் மொழியில் காரமாக இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு வருடாவருடம் நாடுகளுக்கு ரேங்க் போடுகிறார்களே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அது நாட்டின் வானிலையைச் சொல்லும், உங்கள் கையிலிருக்கும் பேப்பரைச் சொல்லாது.

எதற்கு எதைப் படிப்பது

கைகால் கட்டப்பட்ட பேப்பரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விசா விதி, தொழிலாளர் சட்டம், பணிக்கொடைக் கணக்கு, பள்ளிக் கட்டணம், போக்குவரத்து அபராதம் போன்றவற்றில் வளைகுடாப் பேப்பர்கள் பொதுவாக நன்றாகவே எழுதும், ஏனென்றால் அரசுக்கும் அது மக்களிடம் போய்ச் சேர வேண்டும். இருந்தாலும் பணமோ விசாவோ சம்பந்தப்பட்ட முடிவை எடுக்கும்போது அமைச்சகத்தின் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள், அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும், பேப்பர் அறிவித்த நாளிலேயே நடந்துவிட்டதாக எழுதும். ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா, ஒரு கட்டுமான நிறுவனத்திடம் வீடு வாங்கலாமா என்பதற்கு உள்ளூர்ப் பேப்பரில் எதிர்மறைச் செய்தி இல்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அதற்கு ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி போன்ற ஏஜென்சிகளைத் தனியாகத் தேடுங்கள், மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளையும். அவர்களுக்கும் அவரவர் சாய்வு உண்டு, ஆனால் அவர்களின் விசா அந்த நாட்டு முதலாளியின் கையில் இல்லை.

கடைசியாக ஒன்று. பேப்பரின் பெயரைப் பின்தொடர்வதைவிட எழுதுபவர்களைப் பின்தொடருங்கள். எகிப்தில் ஈஜிப்ட் இன்டிபென்டென்ட் என்ற ஆங்கில வார இதழை 2013 ஏப்ரலில் நிர்வாகம் மூடியது, அதே குழு ஏறக்குறைய இரண்டு மாதங்களில் மதா மஸ்ர் என்ற தளத்தைத் தொடங்கியது. 2017-இல் எகிப்துக்குள் அது முடக்கப்பட்டது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பெயர் வேறு கைகளில் தொடர்ந்தது. மாஸ்கோ டைம்ஸ் 1992-இல் ஓட்டல்களில் இலவசமாகக் கிடைத்த பேப்பர், 2022-இல் போர்க்காலத் தணிக்கைச் சட்டம் வந்ததும் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது, 2024-இல் ரஷ்யா அதை "விரும்பத்தகாத அமைப்பு" என்று அறிவித்தது. அந்த முத்திரை விழுந்துவிட்டால் ரஷ்யாவுக்குள்ளிருந்து அதற்குப் பணம் அனுப்புவதும் சுட்டியைப் பகிர்வதும் படிப்பவருக்கே வழக்காகலாம், அதனால் நீங்கள் இருக்கும் நாட்டில் எதைப் பகிர்வது சட்டப்படி ஆபத்து என்பதை முதலில் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆபத்து இல்லாத இடத்தில் இருந்தால், நன்றாக எழுதும் சின்னத் தளத்துக்கு மாதச் சந்தா கட்டுங்கள். 2004-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய தி லோக்கல் இப்போது வாசகர் சந்தாவைப் பெரிதாக நம்பித்தான் நடக்கிறது. வீட்டு நிறுவனத்தின் முழுப்பக்க விளம்பரம் வராத மாதத்திலும் நிருபருக்குச் சம்பளம் போக வேண்டுமே.